டிபன் கேரியர் மேல் ஒரு கேக்: வீட்டுச் சாமான்களில் ஒரு நாள் ஸ்டாண்ட்

பிறந்தநாள் அன்று மாலை ஐந்தரை மணிக்கு அட்டைப் பெட்டியைத் திறக்கிறோம். கேக் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சாப்பாட்டு மேசையில் வைத்ததும் ஜூஸ் பாட்டிலுக்கும் சிப்ஸ் தட்டுக்கும் நடுவில் எங்கோ அமுங்கிப் போகிறது. போட்டோ எடுத்தால் சொந்தக்காரர்களின் முழங்கைகள் தெரிகின்றன, கேக் தெரிவதில்லை. நாலைந்து இன்ச் உயர்த்தி வைத்தால் போதும், பார்வை தானாக அங்கே போய்விடும். அதற்காகக் கடையில் ஸ்டாண்ட் வாங்கலாம். வருடத்தில் இரண்டு நாள் மேசையில், மீதி நாளெல்லாம் பரணில். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. சமையலறையில் இருப்பதை வைத்தே ஒப்பேற்றிவிடலாம், மறுநாள் காலை எல்லாம் அதனதன் இடத்துக்குத் திரும்பிவிடும்.

என் முதல் ஸ்டாண்ட் பதினைந்து நிமிடம் நின்றது. ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து, அதன்மேல் சாப்பாட்டுத் தட்டு, அதன்மேல் ஒரு கிலோ கேக். பார்க்க நன்றாகவே இருந்தது. மெழுகுவத்தி ஏற்றும்போதும் அசையவில்லை. அக்கா மகன் கத்தியைக் கேக்கின் ஓரத்தில் வைத்து அழுத்தினான், அவ்வளவுதான். தட்டு ஒரு பக்கம் தூக்க, கேக் மறுபக்கம் வழுக்கி மேசை விரிப்பில் இறங்கியது. அன்றைக்கு எல்லோரும் ஸ்பூனால்தான் சாப்பிட்டோம்.

அப்புறம் உட்கார்ந்து யோசித்தபோதுதான் புரிந்தது. ஸ்டாண்டைக் கவிழ்ப்பது கேக்கின் எடை இல்லை, ஓரத்தில் விழும் கை. கேக் நடுவில் இருக்கும்வரை அதன் எடை ஸ்டாண்டைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொள்கிறது, உண்மையில் உதவிதான் செய்கிறது. தொல்லை வெட்டும்போது வருகிறது.

ஒரு சின்னக் கணக்கு. தட்டு 10 இன்ச் அகலம், தட்டும் கேக்கும் சேர்ந்து 1.4 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் இருக்கும் டம்ளரின் அகலம் 3 இன்ச். தட்டின் விளிம்பில் சுமார் 600 கிராம் அளவுக்கு அழுத்தம் விழுந்தாலே அது சாய ஆரம்பித்துவிடும். குழந்தை கத்தியோடு சேர்த்துக் கையை ஊன்றினால் அவ்வளவு தாராளமாக வந்துவிடும். அதே தட்டின் அடியில் 5 இன்ச் அகலமுள்ள டப்பா இருந்தால், சாய்க்க 1.4 கிலோ வேண்டும். இரண்டு இன்ச் அகலம் கூடியதற்கு இரண்டு மடங்குக்கும் மேல் பலம். அதனால் ஒரே ஒரு விதியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: அடியில் நிற்கும் பொருளின் அகலம், மேலே இருக்கும் தட்டின் அகலத்தில் பாதிக்குக் குறையக் கூடாது. இன்னும் அதிகமானால் நல்லது.

தட்டைத் தேர்ந்தெடுப்பது

முதலில் கேக்கை அளந்துவிடுங்கள், அல்லது ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டு வையுங்கள். அரை கிலோ வட்டக் கேக் ஏறக்குறைய 6 இன்ச், ஒரு கிலோ ஏறக்குறைய 8 இன்ச் இருக்கும். அதோடு வரும் அட்டை அதைவிட ஒன்றிரண்டு இன்ச் பெரியது. ஆக, ஒரு கிலோ கேக்குக்கு அடிப்பாகம் 10 இன்ச்சுக்குக் குறையாத தட்டு வேண்டும். நம் வீட்டு எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டுகள் பெரும்பாலும் இதற்குப் போதும். சிறியதாகப் பட்டால் தாம்பாளம் இருக்கவே இருக்கிறது.

தட்டை நிமிர்த்தி வைப்பதா, கவிழ்த்து வைப்பதா? நான் கவிழ்ப்பேன். நிமிர்ந்த தட்டில் விளிம்பு எழும்பி நிற்பதால் கேக்கின் அடிப்பாகம் மறைந்துவிடும், கத்தியும் முழுதாக இறங்காது. கவிழ்த்தால் சமதளமாக மேடை கிடைக்கிறது. விளிம்பு கீழே தொங்கி, நாம் அடியில் செய்த ஒட்டுவேலையை எல்லாம் மறைத்துவிடுகிறது. ஒரே குறை, கேக் வழுக்கினால் தடுக்க எதுவும் இல்லை. அதற்கு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

தட்டை எடுக்கும் முன் கவிழ்த்து நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மெலிசான தட்டு 'டொங்' என்று உள்வாங்கி, விரலை எடுத்ததும் மறுபடி 'டொங்' என்று வெளியே வரும். அது வேண்டாம். கேக்கை வைக்கும்போது அந்த ஒரு சத்தம் போதும், மேலே இருக்கும் கிரீமில் விரிசல் விழ. கனமான பழைய தட்டுகள்தான் இதற்கு ஏற்றவை. இன்னொன்று, பழைய தட்டுகளில் பெயர் வெட்டியிருக்கும். எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுப் போட்டோ ஒன்றில் கேக்கின் அடியில் பளிச்சென்று 'அன்பளிப்பு' என்றும் அதன் பக்கத்தில் ஒரு பெரியப்பாவின் பெயரும் தெரிகின்றன. கேக் அவர் வாங்கிக் கொடுத்தது என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

டிபன் கேரியர் ஸ்டாண்ட்

நான் பல சாமான்களை முயன்று பார்த்து, கடைசியில் வந்து நின்ற இடம் டிபன் கேரியர். ஒரு அடுக்கின் அடிப்பாகம் அடுத்ததன் வாய்க்குள் படிந்து உட்கார்ந்துகொள்வதால் பக்கவாட்டில் நழுவாது. ஒரு அடுக்கு வைத்தால் குட்டை, இரண்டு வைத்தால் அளவான உயரம். மூன்று வைக்க ஆசை வரும், வைக்காதீர்கள். உயரம் ஏற ஏற, யாராவது மேசையை இடித்தால் ஆட்டமும் ஏறும். குழந்தை நின்றுகொண்டு வெட்ட வேண்டும் என்றால் ஐந்து இன்ச்சே அதிகம்.

கேரியரின் சட்டத்தையும் மூடியையும் கழற்றி வைத்துவிடுங்கள். அடுக்குகள் ஐந்து, ஐந்தரை இன்ச் அகலமாவது இருக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் சாப்பாடு கொண்டுபோகும் குட்டிக் கேரியர் ஆகாது. கீழ் அடுக்கில் பாலிதீன் கவரில் கட்டிய அரிசியை நிரப்புங்கள், ஒரு கிலோவரை பிடிக்கும். அரிசி இல்லாவிட்டால் உளுந்து, கல் உப்பு, எதுவானாலும் சரி. தண்ணீர் மட்டும் வேண்டாம், ஆடினால் சிந்தும். மேலடுக்கை அதன்மேல் பொருத்தி ஒரு திருகு திருகிப் பாருங்கள், சரியாகப் படிந்திருந்தால் ஆடாது.

இப்போது தட்டு. இதை நேராக நிற்க வைத்து ஒட்டினால் நடு தவறிவிடும், தலைகீழாகச் செய்தால் சுலபம். தட்டின் உள்பக்கம் மேலே பார்க்கும்படி மேசையில் நிமிர்த்தி வைத்து, அதற்குள் மேலடுக்கை மட்டும் வாய் கீழே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள். அடுக்கின் ஓரத்துக்கும் தட்டின் விளிம்புக்கும் நடுவே விரல்களை வைத்து நாலு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் மூன்று விரல், எதிர்ப்பக்கம் இரண்டு விரல் என்று வந்தால் நகர்த்துங்கள். நாலு பக்கமும் ஒத்து வந்ததும் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

ஒட்டுவதற்கு டபுள் சைடு டேப் இருந்தால் நல்லது. தட்டிலும் அடுக்கின் விளிம்பிலும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் கழுவித் துடைத்துவிட்டு, கோட்டின்மேல் நாலு இடத்தில் டேப் துண்டு ஒட்டி, அடுக்கின் வாயை அதன்மேல் அழுத்துங்கள். டேப் இல்லையா? சப்பாத்தி மாவு. எண்ணெய் சேர்க்காமல் கெட்டியாகப் பிசைந்து, நெல்லிக்காய் அளவு உருண்டைகள் நாலு வைத்து அழுத்தினால் தட்டு நழுவாது. ஆனால் மாவு நழுவலைத்தான் தடுக்கும், ஒரு பக்கம் தூக்கிக்கொள்வதை டேப் அளவுக்குத் தடுக்காது. உடனடியாக ஒட்டும் பசைகளின் பக்கமே போகாதீர்கள். நாளைக்கு அந்தத் தட்டில் சாம்பார் சாதம் போட வேண்டும்.

ஒட்டியதைத் திருப்பி, அரிசி இருக்கும் அடுக்கின்மேல் உட்கார வையுங்கள். இரண்டு அடுக்குகளும் சேரும் இடத்தில் சுற்றிலும் ஒரு சுற்று செலோ டேப். இந்தச் சுற்றை விட்டுவிடாதீர்கள். தட்டும் இரண்டு அடுக்கும் ஒரே துண்டாக இணைந்தால்தான் கீழே இருக்கும் அரிசியின் கனம் தட்டைப் பிடித்து இழுக்கும். தனித்தனியாக இருந்தால் அரிசி சும்மா அடியில் உட்கார்ந்திருக்கும், தட்டு தன் போக்கில் சாயும்.

மேசை வழவழப்பாக இருந்தால் ஸ்டாண்டின் அடியில் ஈரத்துணியை நாலாக மடித்து வையுங்கள். அகலமான டப்பாவைக் கீழே வைப்பதானால் குக்கர் காஸ்கெட் இன்னும் நன்றாகப் பிடிக்கும். கழற்றிய பழைய காஸ்கெட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பவர்களுக்கு இதோ ஒரு பயன். பருப்பு வாசனை லேசாக இருக்கும், கேக்கைத் தொடாத இடத்தில் இருப்பதால் பரவாயில்லை.

கேக் வருவதற்கு முன் சோதனை

மட்டம் பார்க்கக் கொத்தனாரின் ரசமட்டம் தேவையில்லை. தட்டின் நடுவில் ஒரு கோலிக்குண்டை வையுங்கள். எப்போதும் ஒரே திசையில் உருண்டால் அந்தப் பக்கம் தாழ்வு. கோலி இல்லாத வீட்டில் ஒரு ஸ்பூன் தண்ணீரை ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கலாம். பெரும்பாலும் குற்றம் ஸ்டாண்டில் இருக்காது, மேசையில்தான் இருக்கும். மேசைக் காலின் அடியில் அட்டை மடித்து வைத்தால் சரியாகிவிடும்.

அடுத்து எடை. ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டைத் தட்டின் நடுவில் வைத்துவிட்டு, தட்டின் ஓரத்தை விரலால் அழுத்துங்கள். மென்மையாக அல்ல, ஆறு வயதுப் பிள்ளை ஆர்வத்தில் அழுத்துவதுபோல. நாலு பக்கமும் அழுத்திப் பார்த்து ஸ்டாண்ட் நின்றால், அது நிற்கும். சர்க்கரை விழுந்தால் பெருக்கிக்கொள்ளலாம்.

கேரியர் இல்லாதவர்களுக்கு

முறுக்கு, சீடை போட்டு வைக்கும் பெரிய சம்படம் இருக்கும் இல்லையா, அதன் அகலம் பல வீடுகளில் எட்டு இன்ச்சுக்குக் குறையாது. அதைக் கவிழ்த்து, மேலே தாம்பாளத்தை வைத்தால் இந்தக் கட்டுரையிலேயே உறுதியான ஸ்டாண்ட் அதுதான். அழகு கொஞ்சம் கம்மி, டிரம்மின்மேல் கேக்கை வைத்த மாதிரி இருக்கும். ஒரு வேட்டியைச் சுற்றினால் தீர்ந்தது. கூடவே, சம்படத்தை முதலில் காலி செய்ய வேண்டும், அதற்கு உதவ வீட்டில் ஆள் இருக்கும்.

இரண்டு தட்டு ஸ்டாண்ட் வேண்டுமா, கீழே கப் கேக்குகள், மேலே அரை கிலோ கேக்? பெரிய தாம்பாளத்தின் நடுவில் மூன்று டம்ளர்களைக் கவிழ்த்து முக்கோணமாக வைத்து, மேலே 8 இன்ச் தட்டு வையுங்கள். ஏன் மூன்று? அடுப்புக்கு ஏன் மூன்று கல்லோ அதே காரணம்தான். நாலு கால் இருந்தால் ஒன்று குட்டையானாலும் ஆடும், மூன்று கால் எந்தத் தரையிலும் படிந்து நிற்கும். ஆனால் குட்டையான காலின் பக்கம் தட்டு சாய்ந்தே இருக்கும். அதனால் மூன்று டம்ளர்களும் ஒரே உயரமா என்று, அவற்றின்மேல் ஒரு ஸ்கேலை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே செட் என்று வாங்கியவைகூடச் சில சமயம் ஏமாற்றும். டம்ளர்களை நடுவில் நெருக்கி வைக்காமல் மேல் தட்டின் விளிம்புவரை தள்ளி வையுங்கள். இரண்டு கால்களுக்கு நடுவே இருக்கும் ஓரம்தான் பலவீனமான இடம், அங்கே அழுத்தினால் சாயும். அதனால் வெட்டுபவரின் கை ஏதாவது ஒரு டம்ளருக்கு நேராக வரும்படி ஸ்டாண்டைத் திருப்பி வையுங்கள்.

கீழே ஒரு கேக், அதன்மேலேயே டம்ளர், அதன்மேல் இன்னொரு கேக் என்று மட்டும் போய்விடாதீர்கள். ஸ்பாஞ்ச் கேக் அந்த எடையைத் தாங்காது, டம்ளர் மெல்ல உள்ளே இறங்கிவிடும். உள்ளே குச்சிகள் செருகி எடையைக் கீழே இறக்கும் வித்தை தெரிந்தவர்களின் வேலை அது.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இட்லித் தட்டு. எனக்கும் தோன்றியது. அடுக்கடுக்காக, நடுவில் தண்டோடு, பார்த்தால் கேக் ஸ்டாண்டின் உறவுக்காரன் மாதிரியே இருக்கிறது. ஆனால் தட்டுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி இட்லிக்கு அளந்தது. கிரீம் வைத்த கப் கேக் நுழையாது, நுழைத்தால் கிரீம் மேல் தட்டின் அடியில் ஒட்டிக்கொள்ளும். பிஸ்கட், சாக்லேட் அடுக்க மட்டும் அருமை. மேல் தட்டுக் குழிகளில் கப் கேக் வைக்கலாம். கண்ணாடிக் கோப்பையைக் கவிழ்த்து உள்ளே பூ வைத்து மேலே தட்டு ஒட்டும் ஸ்டாண்டும் படத்தில் பார்க்க மயக்கும். அதன் பாதம் மூன்று இன்ச்கூட இருப்பது சந்தேகம். மேலே போட்ட கணக்கை ஒருமுறை நினைத்துக்கொண்டு, இரண்டு துண்டுக்கு மேல் அதில் வைக்காதீர்கள்.

இரண்டு கிலோவும் அதற்கு மேலும் உள்ள கேக்குக்கு என் யோசனை மணை. மரமணை அகலமானது, பாரம் தாங்கும், இரண்டு இன்ச் உயர்த்தித் தரும். பெரிய கேக்குக்கு அதற்குமேல் உயரமும் தேவையில்லை. 'மணையில் உட்கார வேண்டியது பிறந்தநாள் பிள்ளை, கேக் இல்லை' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக்கூடும். காலையில் பிள்ளை, மாலையில் கேக் என்று சமாதானம் செய்துகொள்ளலாம்.

மேலே விரிப்பதும் சுற்றிக் கட்டுவதும்

கேக் அதன் அட்டையோடே இருக்கப் போகிறது என்றால் தட்டின்மேல் எதை விரித்தாலும் ஆபத்தில்லை. அட்டை இல்லாமல், வீட்டில் செய்த கேக்கை நேராக வைப்பதானால் யோசிக்க வேண்டும். செய்தித்தாள் கூடவே கூடாது, அச்சு மை உணவில் ஒட்டும். உணவைப் பொதியச் செய்தித்தாளைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளிலேயே இருக்கிறது. பளபளக்கும் பரிசுத் தாளும் உணவுக்கானது இல்லை. கலர் கிரேப் பேப்பரோ ஈரம் பட்டால் சாயத்தைக் கக்கும். வெள்ளைக் கிரீமில் அது செய்யும் வேலையை நான் பார்த்திருக்கிறேன். பட்டர் பேப்பர் நல்லது. அதைவிட எனக்குப் பிடித்தது வாழையிலை. தணலில் லேசாக வாட்டினால் கிழியாமல் வளையும். ஆறவிட்டுத் துடைத்து, தட்டின் அளவுக்கு வட்டமாக வெட்டி விரித்தால், சாக்லேட் கேக்குக்கு அந்தப் பச்சை எடுப்பாக இருக்கும்.

அடுக்குகளின் காதுகளும் செலோ டேப்பும் தெரியாமல் இருக்க ஒரு துணி வேண்டும். பட்டுப் புடவை வேண்டாம். கிரீமின் கொழுப்பு பட்டில் இறங்கினால் லேசில் போகாது. துவைக்கக்கூடிய ஜரிகை வேட்டியின் கரை மேலே வரும்படி மடித்துச் சுற்றி, பின்பக்கம் சேஃப்டி பின் குத்திவிடுங்கள். பூச்சரம் சுற்றுவதானால் அடியில் மட்டும். கடைப்பூவில் மருந்து தெளித்திருப்பார்கள், கேக்கில் படக் கூடாது. அரளியை மேசைக்கே கொண்டுவராதீர்கள், அது முழுக்க விஷம்.

பூ மாதிரிப் பொறி கக்கும் மெழுகுவத்தி வைப்பதானால் தெர்மாகோல், தொங்கும் ரிப்பன், வலைத்துணி இவற்றை ஸ்டாண்டில் சேர்க்காதீர்கள். தெர்மாகோல் பிடித்துக்கொண்டால் வேகமாக எரியும், உருகியும் சொட்டும்.

கேக்கை ஏற்றுவதும் வெட்டுவதும்

கவிழ்த்த தட்டில் கேக் வழுக்காமல் இருக்க, வாழையிலையோ பேப்பரோ தட்டோடு டேப் போட்டு ஒட்டியிருக்க வேண்டும். கேக் அட்டையின் அடியிலும் இரண்டு டேப் துண்டு. வெயில் காலத்தில் தட்டை ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரவைத்தால் கிரீம் உருகாது என்று ஒருமுறை செய்து பார்த்தேன். வெளியே எடுத்ததும் தட்டு வியர்த்து, டேப் விட்டுப்போய், அட்டை பனிச்சறுக்கு விளையாடியது. கேக்கை ஃபிரிட்ஜில் வையுங்கள், தட்டை வெளியே வையுங்கள், ஏற்றுவதைக் கடைசி நிமிடத்துக்கு ஒத்திப்போடுங்கள்.

ஏற்றும்போது இரண்டு கையாலும் அட்டையின் அடியில் பிடித்து, நேராக மேலிருந்து இறக்குங்கள். ஓரத்தில் வைத்து உள்ளே தள்ளாதீர்கள். இறக்கியபின் கண் மட்டத்துக்குக் குனிந்து, கேக் நடுவில்தான் இருக்கிறதா என்று சுற்றி வந்து பாருங்கள். ஒருமுறை ஏற்றிய ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டாம். கேக் வெட்டப் போகும் மேசையிலேயே ஸ்டாண்டைக் கட்டுங்கள்.

பிள்ளை முதல் துண்டு வெட்டும்போது, பெரியவர் ஒருவர் எதிர்ப்பக்கத்து விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொள்ளட்டும். போட்டோவில் அந்தக் கை ஆசீர்வாதம் மாதிரித் தெரியும். முதல் துண்டு ஊட்டி முடிந்ததும் கேக்கை அட்டையோடு மேசைக்கு இறக்கி, மீதியை அங்கே வெட்டுங்கள். ஸ்டாண்டிலேயே வைத்துப் பாதிக் கேக்கை ஒரு பக்கமாக எடுத்துவிட்டால் எடை முழுக்க மறுபக்கம் போய்விடும்.

இரவே பிரித்துவிடுங்கள். சப்பாத்தி மாவு காய்ந்திருந்தால் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்தால் கழன்றுவிடும். டேப்பின் பிசின் ஒட்டியிருந்தால் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தட்டில் மெழுகு சொட்டியிருந்தால் வெந்நீர் ஊற்றாதீர்கள், உருகிப் போய்ச் சிங்க் குழாய்க்குள் கட்டிக்கொள்ளும். கொஞ்ச நேரம் ஃபிரீசரில் வைத்தால் நகத்தால் தட்டினாலே பெயர்ந்து வரும். அரிசியைக் கவரிலிருந்து டப்பாவில் கொட்டிவிட்டு, கேரியரைத் துடைத்துச் சட்டத்தில் மாட்டி வையுங்கள். காலையில் யாருக்காவது சாப்பாடு கட்ட வேண்டியிருக்கும்.